ஒரு முகவரியில் நால்வர்

பெங்களூரு மத்திகெரேயில் 2006ஆம் ஆண்டு நான்கு தமிழ் மாணவர்கள் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீட்டில் பெயர்களுக்கு வேலை குறைவு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றே ஒருவரையொருவர் குறிப்பிட்டுக்கொண்டனர். அது வயது வரிசையன்று. வீட்டுக்கு வந்து சேர்ந்த வரிசையுமன்று. அவரவர் கணினிக்கு இடப்பட்ட முகவரியின் கடைசி எண். தொலைபேசி இணைப்பு முன்னறையில் இருந்தது. எனவே முன்னறைக்காரரின் கணினி 192.168.0.1 ஆயிற்று. அவர் தூத்துக்குடிக்காரர்; இந்திய அறிவியல் கழகத்தில், அதாவது பேருந்து நடத்துநர்கள் இன்றும் ‘டாட்டா இன்ஸ்டிடியூட்’ என்று கூவும் இடத்தில், மின்பொறியியல் ஆய்வாளர். இரண்டு வேதியியல். மூன்று தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த உயிரியல் ஆய்வாளர். நான்கு மட்டும் வேறொரு கல்லூரியில் எம்.சி.ஏ. படித்தவர்; மொட்டைமாடி ஒற்றையறை அவருடையது.

பி.எஸ்.என்.எல். ‘டேட்டாஒன்’ அகலப்பட்டைச் சேவை 2005 ஜனவரியில் தொடங்கியிருந்தது. வேகம் நொடிக்கு 256 கிலோபிட். இன்றைய மாணவருக்கு அந்த எண் நகைப்பைத் தரலாம். தொலைபேசியை அடைத்துக்கொண்டு மோடம் கீச்சிடும் ஓசையில் வளர்ந்தவர்களுக்கு அது வெள்ளம். வாடகை ஒப்பந்தம் ஒன்றின் பெயரில் இருந்தமையால் முகவரிச் சான்று அவரிடம் மட்டுமே இருந்தது. ஆகவே இணைப்பும் அவர் பெயரில் வந்தது. கட்டணத்தை நால்வரும் பகிர்ந்துகொள்வது என்பது வாய்மொழி ஏற்பாடு.

கம்பிகளுக்காக எஸ்.பி. ரோட்டுக்குப் போனார்கள். சதர் பத்ரப்பா சாலை என்னும் முழுப்பெயரை அங்கே கடை வைத்திருப்பவர்களே மறந்திருக்கக்கூடும். இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஒன்று, ஐந்து துளைச் சுவிட்ச் ஒன்று, மீட்டர் கணக்கில் கேட்-5 கேபிள், முனையில் பொருத்தும் ஆர்.ஜே.45 கண்ணாடித் தலைகள். உள்ளே எட்டு இழைகள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சைக்கும் அதன் இணைக்கும் நடுவே நீல இணை வந்து உட்காரும் அந்த ஒழுங்கின்மை ஏனென்று நான்கு கேட்டுக்கொண்டேயிருந்தார். அது பழைய தொலைபேசிக் கம்பி மரபின் எச்சம் என்று ஒன்று விளக்கிய பிறகும் அவருக்கு நிறைவில்லை. சுவரில் துளையிடக் கூடாதென்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் மாடிக்கான கேபிள் சன்னல் வழியே வெளியேறி, மழைநீர்க் குழாயைச் சுற்றிக்கொண்டு, மேலே ஏறியது.

மோடம் ஒன்றின் கணினியோடு மட்டுமே பேசியது. மற்ற மூன்றும் அக்கணினியின் தயவில் இருந்தன. விண்டோஸ் 98இன் இரண்டாம் பதிப்பு 1999இல் கொண்டுவந்த ‘இணைய இணைப்புப் பகிர்வு’ என்னும் வசதி எக்ஸ்பியிலும் இருந்தது. ஒரு சிறு சதுரத்தில் சரிக்குறி இட்டால் போதும். அக்கணினி தனக்கு 192.168.0.1 என்று பெயர் சூட்டிக்கொண்டு பிறருக்கு வாயிலாகிவிடும். அதன்பின் அது வெறும் கணினியன்று. ஒன்று உறங்கலாம், அவருடைய கணினி உறங்கக் கூடாது. அவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் கணினியை ஓடவிட்டு, அறைச் சாவியை இரண்டிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மின்சாரம் போனால் யு.பி.எஸ். கூவத் தொடங்கும், அதற்குமுன் மூன்று அறைகளிலிருந்தும் குரல் வரும்: “அண்ணே, நெட் போச்சு!” தன் வேலைக்காக ஒரு மென்பொருளை நிறுவி மறுதொடக்கம் செய்வதற்குக்கூட அவர் வீடு முழுவதும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. சொந்தப் பொருளொன்று பொதுச்சொத்தாகும்போது உரியவருக்கு எஞ்சுவது காவல் வேலைதான்.

இப்பகிர்வு நடைபெறும் முறையைச் சற்றே நின்று நோக்கலாம். 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். உலகில் எண்ணற்ற வீடுகளில் அதே எண்கள் உண்டு. மூன்று ஒரு பக்கத்தைக் கேட்டால் அவ்வேண்டுகோள் ஒன்றின் கணினிக்கு வரும். அது அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் பொதுமுகவரியை எழுதும்; கூடவே ஒரு துறை எண்ணையும் இட்டு, ‘இந்த எண்ணுக்கு விடை வந்தால் மூன்றுக்கு உரியது’ என்று தன் குறிப்பேட்டில் பதிந்துகொள்ளும். விடை வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். 1994 மே மாதம் எகேவாங், ஃபிரான்சிஸ் இருவரும் இம்முறையை ஆவணப்படுத்தியபோது, முகவரிப் பஞ்சத்துக்கான குறுகியகாலத் தீர்வாகவே அதை முன்வைத்தனர். குறுகியகாலம் இன்னும் முடிந்தபாடில்லை. லினக்ஸ் உலகில் இதற்கு ‘மாஸ்கரேட்’ என்று பெயர், மாறுவேடம்.

தமிழில் ‘நாம்’ என்பதும் ‘நாங்கள்’ என்பதும் வேறு. கேட்பவரைச் சேர்த்தும் விலக்கியும் சொல்லும் இவ்வேறுபாட்டை இன்றைய கன்னடம் ‘நாவு’ என்னும் ஒரே சொல்லில் கரைத்துவிட்டது. வாயில் கணினியின் இலக்கணமோ இன்னும் ஒரு படி சிக்கனமானது. உள்ளே அது ‘நாம்’ என்கிறது. வெளியே பேசும்போது ‘நாங்கள்’கூட இல்லை, ‘நான்’. அந்த ‘நான்’ யாரென்று வெளியுலகம் கேட்டால் கிடைக்கும் விடை, கட்டணச் சீட்டில் உள்ள பெயர்.

பகலில் ஆய்வகத்தில் நிலைமை வேறு. இந்திய அறிவியல் கழகம், 1986இல் மின்னணுவியல் துறையும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து தொடங்கிய எர்நெட் வலையின் முதல் எட்டு நிறுவனங்களுள் ஒன்று. அவ்வலைக்கு 144.16 எனத் தொடங்கும் 65,536 முகவரிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. எனவே கழகத்தில் மேசைக் கணினிகூடத் தன் சொந்த எண்ணோடு உலகின்முன் நிற்க முடிந்தது. ஆனால் அந்தச் செழிப்புக்கு முன்னும் ஒரு பகிர்வுக் காலம் இருந்தது. 1989இல் மும்பையிலிருந்து அமெரிக்காவுக்குப் போடப்பட்ட குத்தகைக் கம்பியின் வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட், அந்தக் கம்பிக்கு வெவ்வேறு நகர ஆய்வாளர்களின் மடல்கள் காத்திருந்தன. 1996இல் பிரிகேட் ரோட்டில் காபி டே தன் முதல் கடையைத் திறந்தபோதும் அது இணைய மையமாகத்தான் திறந்தது. இந்நகரம் இணையத்தைப் பங்கு போட்டே பழகியது. மத்திகெரே வீடு அவ்வரிசையில் மிகச் சிறியது.

பங்கு போடுதல் என்றால் சண்டை இல்லாமலா? மாதத்துக்கு இத்தனை மெகாபைட் என்று வரம்பு, மீறினால் தனிக்கட்டணம். இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது. ஆகவே வீட்டில் 1.55க்கு நான்கு அறைகளிலும் அலாரம் அடிக்கும். 700 மெகாபைட் லினக்ஸ் வட்டு ஒன்றை 256 கிலோபிட்டில் இறக்க ஆறு மணி நேரத்துக்குச் சற்றே மேலாகும். அதாவது இலவச நேரம் முடியும்போது ஒரு துண்டு மிச்சமிருக்கும். அந்த ஒரு துண்டுக்காக நான்கு எத்தனை காலை வேளைகளில் திட்டு வாங்கினார் என்பதற்குக் கணக்கில்லை.

ஒரு மாதம் கட்டணம் வழக்கத்தைப் போல் மூன்று மடங்கு வந்தது. பகலில் யார் இறக்கியது? இரண்டு நான்கைச் சுட்டினார். நான்கு, மாடி அறைக்கு வேகமே வருவதில்லை என்று முறையிட்டார். மூன்று எதுவும் பேசாமல் தன் பங்கைவிட நூறு ரூபாய் கூடுதலாக மேசைமேல் வைத்தார். அது மற்றவர்களை மேலும் எரிச்சலூட்டியது. அந்த வார இறுதியில் ஒன்று தம் கணினியை லினக்ஸுக்கு மாற்றி ‘ஸ்க்விட்’ என்னும் இடைநிலை மென்பொருளை நிறுவினார். ஒருவர் பார்த்த பக்கத்தைச் சேமித்து வைத்து, இன்னொருவர் கேட்டால் தன் சேமிப்பிலிருந்தே அது தந்துவிடும், மெகாபைட் மிஞ்சும். ஒவ்வொருவரும் எத்தனை பைட் இறக்கினர் என்றும் தெரியும். மூவரும் தத்தம் உலாவியில் 192.168.0.1, துறை 3128 என்று தம் கையாலேயே எழுதிக்கொண்டனர்.

ஸ்க்விட் என்றால் கணவாய் மீன். கடற்கரைக்காரரான ஒன்றுக்கு அது உடனே தெரிந்தது. மலைகளுக்கிடையே எல்லோரும் நுழைந்து கடக்கும் வழிக்கும் தமிழில் அதே சொல்தான் என்பதை மூன்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள்.

பைட் எண்ணிக்கைக்கு மட்டுமே அவர்கள் இசைந்திருந்தனர். மென்பொருளோ அதற்குமேல் எழுதியது. அதன் பதிவுக்கோப்பில் ஒவ்வொரு வரியும் 1970ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் எண்ணப்பட்ட நொடிகளில் தொடங்கும். பிறகு கேட்டவரின் எண், பைட் அளவு, பக்கத்தின் முகவரி. முன்பிருந்த முகவரி மாற்றத்தின் குறிப்பேடு இத்தகையதன்று. அதற்கு நினைவு குறைவு. விடை வந்துசேர்ந்து சில நிமிடம் சென்றால் அவ்வரி மறைந்துவிடும். இணைப்பைப் பகிர அந்தச் சில நிமிட நினைவே போதும். மாதக்கணக்கில் நினைவு வைத்துக்கொள்ளும் தேவை கட்டணச் சண்டையால் வந்தது.

சண்டை ஓய்ந்தபின் அக்கோப்பை அழித்திருக்கலாம். அழிக்காததற்கு ஒரு காரணம் கிடைத்தது. 2007 ஆகஸ்டு இறுதியில் பெங்களூருவில் ஒரு மென்பொருள் பொறியாளரைப் புனே காவல்துறை கைது செய்து அழைத்துச் சென்றது. ஆர்க்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் ஏற்றப்பட்டது குற்றச்சாட்டு. இணைய முகவரி ஒன்றே அவருக்கு எதிரான தடயம். இணைய நிறுவனம் கொடுத்த விவரம் தவறானது, அம்முகவரி அவருடையதன்று என்பது பின்னர் தெரியவந்தது. அதற்குள் அவர் 50 நாள் சிறையில் இருந்திருந்தார். செய்தி வந்த நாளிதழை இரண்டு சமையலறை மேசையில் விரித்துப் படித்தார். “நம்ம வீட்டுல யாராவது ஏதாவது பண்ணா அண்ணனத்தான் தூக்குவாங்க” என்று நான்கு விளையாட்டாகச் சொன்னார். ஒன்று சிரிக்கவில்லை. வெளியே நால்வரும் ஒருவர். அந்த ஒருவர் அவர். தாம் எழுதாத வரிக்குத் தாம் கையொப்பமிட்டிருப்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தார். அக்கோப்பு தமக்குச் சாட்சி என்று எண்ணினார். அதற்கு நாள்தோறும் படியெடுத்து வைத்தார்.

அச்சத்தைத் தவறென்று சொல்லிவிட முடியாது. பெயர் ஒருவருடையதாகவும் பயன் நால்வருடையதாகவும் இருக்கும் எந்த ஏற்பாட்டிலும் அது பிறக்கவே செய்யும். ஆனால் சாட்சிக்கென வைத்துக்கொள்ளும் ஏட்டை என்றாவது ஒருநாள் திறந்து பார்க்கத் தோன்றும்.

நவம்பரில் ஓர் இரவு இணைப்பு மெதுவாயிற்று; காரணம் தேட ஒன்று கோப்பைத் திறந்தார். பழுது தேடும் எவரும் செய்வதுதான். 192.168.0.3 என்னும் எண் பின்னிரவுகளில் அடுக்கடுக்காக வந்தது. பைட் அளவு சிறியது. திரைப்படமோ பாடலோ அன்று, வெறும் எழுத்துப் பக்கங்கள். ஸ்க்விட் கேள்விக்குறிக்குப் பின்னுள்ளவற்றை இயல்பாகவே வெட்டிவிடும். ஆகையால் தேடிய சொற்கள் பதியவில்லை. சென்ற இடங்கள் பதிந்திருந்தன. வங்கி எழுத்தர் தேர்வு அறிவிப்புகள். ஆய்வை இடையில் நிறுத்தினால் உதவித்தொகையைத் திருப்பித் தர வேண்டுமா என்று யாரோ எங்கோ கேட்டிருந்த பக்கம். உறக்கமின்மை பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரை, ஒரே வாரத்தில் ஐந்து முறை. பின்னர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் தளம். அதில் புறநோயாளர் பிரிவின் நேரம். நொடிக்கணக்கை மணியாக மாற்றி, கிரீன்விச்சுக்கும் இந்தியாவுக்கும் இடையே உள்ள ஐந்தரை மணியைக் கூட்டிப் பார்த்தார். அதிகாலை 3.40. மூன்று நாளும் அதே வேளை.

பகலில் மூன்று வழக்கம்போலவே இருந்தார். சோறு பொங்கும் முறை வந்தால் பொங்கினார். வழிகாட்டி பற்றிக் கேட்டால் “நல்லாத்தான் போகுதுண்ணா” என்பார். மூன்றாம் ஆண்டின் நடுவில் ஆய்வாளர்கள் எல்லோரும் சொல்லும் விடை அது. யாரும் மேலே கேட்பதில்லை.

ஒன்று இரண்டு நாள் எதுவும் செய்யவில்லை. கேட்டால், எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். கேட்காவிட்டால், தெரிந்தும் கேட்காதவராவார். வேறு ஏதோ பேச்சில் தற்செயலாக நிம்ஹான்ஸைக் குறிப்பிடலாமா என்றும் எண்ணிப் பார்த்தார். அது கோப்பைப் படித்ததைவிடக் கீழான செயலாகத் தோன்றியது. மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது மூவரிடமும் பொதுவாகச் சொன்னார்: ஸ்க்விட் அளவை மட்டும் எழுதவில்லை, போன இடத்தையும் எழுதுகிறது, ஓராண்டுக்கும் மேலான பதிவு தம்மிடம் இருக்கிறது, சிறை அச்சத்தில் வைத்திருந்தார், இனி வைக்கப்போவதில்லை. இரண்டு கடுமையாகக் கோபித்துக்கொண்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நான்கு தட்டைப் பார்த்துக்கொண்டு, “எல்லாமேவா அண்ணே?” என்று கேட்டுக் காது சிவந்தார். மூன்று எழுந்து கை கழுவப் போனார். நெடுநேரம் குழாய் ஓடும் ஓசை கேட்டது.

இரவு 2 மணிக்கு அலாரங்கள் அடித்து ஓய்ந்தபின் மூன்று முன்னறை வாசலில் வந்து நின்றார்.

“என்னோடத எவ்ளோ பாத்தீங்கண்ணா?”

“எல்லாத்தையும் பாத்துட்டேன்டா.”

உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார். சிறிது நேரம் கணினியின் விசிறி மட்டுமே பேசியது. பிறகு, நாலு மாதமாக உறக்கம் இல்லை என்றார். ஆய்வகத்தில் செல்கள் வளரவில்லை; ஊரில் அப்பா தறியை விற்றுவிட்டுத் தன் பட்டத்துக்குக் காத்திருக்கிறார்; இரண்டையும் ஒருசேர நினைத்தால் மூச்சு அடைக்கிறது. ஒரு தடவை பேருந்தில் டெய்ரி சர்க்கிள் வரைக்கும் போனேன், இறங்காமல் திரும்பிவிட்டேன் என்றார். ஒன்று எந்த அறிவுரையும் சொல்லவில்லை. பதிவுக்கோப்பையும் அதன் படிகளையும் மூன்றின் கண்முன்னே அழித்தார். இனி எழுதாதபடி அமைப்பையும் மாற்றினார். அதற்குக் கட்டளைக் கோப்பில் ஒரு வரி போதும். பிறகு, “காலைல எத்தன மணிக்குப் போகணும்?” என்று மட்டும் கேட்டார். அவருக்கு அந்த நேரம் தெரியும் என்பது இருவருக்கும் தெரியும்.

“எட்டு மணிக்குள்ள போனா டோக்கன் கெடைக்கும்ணா.”

விடியுமுன் புறப்பட்டார்கள். யஷ்வந்தபுரத்திலிருந்து மெஜஸ்டிக், அங்கே வண்டி மாறி ஓசூர் ரோடு. நிம்ஹான்ஸ் வரிசையில் அவர்களுக்கு முன்னால் கன்னடமும் தெலுங்கும் உருதும் பேசிய குடும்பங்கள், சாப்பாட்டுத் தூக்குகளோடு. தமிழும் கேட்டது. பதிவுச் சீட்டில் உடன் வந்தவர் பெயர் கேட்டபோது ஒன்று தம் பெயரைச் சொன்னார். உறவுமுறை என்ன என்று எழுத்தர் கேட்டார். “அண்ணன்” என்றார் மூன்று.

அன்று மத்திகெரேயில் காலையிலேயே மின்சாரம் போய், யு.பி.எஸ். தீர்ந்து, முன்னறைக் கணினி அணைந்துவிட்டது. அறை பூட்டியிருந்ததால் இரண்டாலும் நான்காலும் ஒன்றும் செய்ய இயலவில்லை. மாலையில் இருவரும் திரும்பியபோது, நெட் ஏன் இல்லை என்று அவர்கள் கேட்கவில்லை. தோசை மாவு வாங்கி வைத்திருந்தார்கள்.

அதன்பின் கட்டணம் நான்கு சமபங்காகவே பிரிந்தது. ஒரு மாதம் மீண்டும் மிகுதியாக வந்தது, முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். ஒன்றின் அச்சம் தீர்ந்ததா என்றால் இல்லை. வீட்டு ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், இவ்விணைப்பை நால்வரும் பயன்படுத்துகிறோம் என்று எழுதி நால்வரும் கையொப்பமிட்டார்கள். சட்டத்தின்முன் அத்தாளுக்கு என்ன மதிப்போ. 2008இல் ஒரு வயர்லெஸ் ரவுட்டர் வந்தது. ஒன்றின் கணினிக்கு உறங்க விடுதலை கிடைத்தது. இன்று கைப்பேசி வலைகளில் முகம் தெரியாத பலர் ஒரே பொதுமுகவரியின் பின்னால் நிற்கின்றனர். யார் எப்போது எந்தத் துறை எண்ணில் இருந்தார் என்னும் ஏட்டை நிறுவனங்கள் வைத்திருக்கின்றன.

மூன்று சிகிச்சை எடுத்துக்கொண்டார். ஓராண்டு தொடர்ந்து ஓசூர் ரோட்டுக்குப் போய்வந்தார். ஆய்வை அவர் முடிக்கவில்லை. இப்போது தருமபுரியில் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறார். நன்றாக உறங்குவதாகச் சொல்கிறார். நால்வரும் வெளியேறிய பிறகும் மழைநீர்க் குழாயைச் சுற்றிய அந்தச் சாம்பல்நிறக் கேபிள் சில ஆண்டுகள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வண்ணம் பூசியபோது பெயின்டர் அதை இரண்டு இடத்தில் வெட்டி எடுத்தார். சன்னல் சட்டத்தில் சிக்கியிருந்த ஒரு முழ நீளம் மட்டும் வரவில்லை, அதன்மேலேயே பூசிவிட்டார்.